புள்ளிப் பகைவர் பாண்டியராஜ்

முழுமதி ஸ்டுடியோ பாண்டியராஜுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பகைதான் உண்டு. அது புள்ளி. மச்சம், மரு, பரு, தழும்பு, வியர்க்குரு என்று அது எந்த வேஷத்தில் வந்தாலும் அவருக்கு ஆகாது. வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்று சங்கரன்கோவிலில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தைப் படம் எடுத்தபோது, ஓரத்தில் பொரிகடலை தின்றுகொண்டிருந்த யாரோ ஒரு பெரியவரின் மூக்கு மருவை அவர் நீக்கிக் கொடுத்தது நிஜம். அந்தப் பெரியவர் யாரென்று அவருக்கும் தெரியாது, படம் கேட்டவர்களுக்கும் தெரியாது. கண்ணில் பட்டது, எடுத்துவிட்டார்.

துபாய் போவதற்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவருக்கு வலது கன்னத்து மச்சத்தைக் கேட்காமலே நீக்கிக் கொடுத்தார். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அந்த மச்சத்தைத்தான் எழுதியிருந்தார்கள். அந்த மனிதர் திரும்பி வந்து கத்திய கத்தில் பக்கத்து டீக்கடையில் பாய்லரை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். “நல்லது செஞ்சா சண்டைக்கு வாரீரே” என்று முணுமுணுத்துக்கொண்டே பாண்டியராஜ் மச்சத்தைத் திருப்பி வைத்தார். இடது கன்னத்தில்.

இந்தப் பகை கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்ததல்ல. ஃபிலிம் காலத்திலேயே முற்றிவிட்டது. அப்போது முகத்தைச் சரி செய்வது நெகட்டிவின் மேலேயே நடக்கும். நெகட்டிவை ஒரு கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி முனை போலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அடைக்க வேண்டும். முகத்தில் குழி இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறிக் கிடக்கும். அங்கே பென்சில் பட்டால் பிரிண்டில் குழி மறைந்துவிடும். பாண்டியராஜ் இதில் கெட்டிக்காரர் என்பதை அவருக்கு ஆகாதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். சுற்று வட்டாரத்துக் கல்யாணத் தரகர்கள் எல்லாரும் நெகட்டிவைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வந்தார்கள். அவர் பென்சிலைக் கீழே வைத்தால்தான் பல வீடுகளில் மேளச் சத்தம் கேட்டது. கல்யாணம் முடிந்த மறுவாரம் சில மாப்பிள்ளைகள் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று முறைத்துவிட்டுப் போவார்கள். “படத்தைப் பாக்குதவன் கலைய ரசிக்கணும். ஆளைப் பாக்கணும்னா நேர்ல போய்ப் பாக்க வேண்டியதுதான” என்று பாண்டியராஜ் அவர்களுக்கு உபதேசம் செய்வார்.

அந்த உபதேசம் அவருக்கே வந்து சேர்ந்த கதைதான் இது.

அவர் இளவட்டமாக இருந்தபோது தரகு பிச்சம்மாள் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு நெகட்டிவைக் கொண்டுவந்தாள். அந்த ஊரில் எவனோ எடுத்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம். “பிள்ளைக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு. கன்னத்தைக் கொஞ்சம் பாத்துக்கிடும்” என்றாள். பாண்டியராஜ் பார்த்துக்கொண்டார். நெகட்டிவில் கூந்தல் வெள்ளையாகவும் முகம் கரியாகவும் இருக்கும், அதில் ஆளா தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடைக்க வேண்டிய குழிகள். சாப்பாட்டைக்கூட மறந்து அடைத்தார். அவ்வளவு சுத்தமான வேலையை அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை. பிச்சம்மாள் நெகட்டிவை வாங்கிக்கொண்டு போய் வேறெங்கோ பிரிண்ட் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச காலம் கழித்து அவர் வீட்டிலேயே கல்யாணப் பேச்சு வந்தது. அதே பிச்சம்மாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து அவருடைய அம்மாவிடம் கொடுத்தாள். பாண்டியராஜ் படத்தை வாங்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. இப்படி ஒரு முகத்தைப் படைத்தவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் பார்க்கப் போக வேண்டிய நாளில் அவருக்கு ஒரு முகூர்த்த வேலை இருந்தது. “நான் எதுக்கு? ஃபோட்டோவைப் பாத்துட்டேன்லா, போதும்” என்று சொல்லி அம்மாவையும் அக்காவையும் அனுப்பினார். அவர்கள் போய்ப் பார்த்தார்கள், பிள்ளையைப் பிடித்துப்போனது, பூ வைத்துவிட்டு வந்தார்கள். அம்மைத் தழும்பைப் பற்றி அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஸ்டுடியோக்காரனுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள்.

கல்யாண மேடையில் பவுடரும் புகையும் காப்பாற்றின. மறுநாள் காலையில் புதுப்பெண் இசக்கிசெல்வி முகம் கழுவிவிட்டுக் காபியோடு வந்து நின்றாள். பாண்டியராஜ் காபியை வாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பிச்சம்மாள் வீட்டுக்குப் போனார்.

“என்னைய ஏமாத்திப்புட்டியே!”

பிச்சம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏய்யா, எங்கிட்ட கத்துனா என்ன ஆவும்? நெகட்டிவக் கொண்டாந்தது நான். குழிய அடைச்சது நீரில்லா? உம்ம பென்சிலுக்கு உமக்கே அடையாளம் தெரியல, நான் என்ன செய்யட்டும்?”

தன் கையெழுத்தைத் தானே நம்பிக் கல்யாணம் செய்துகொண்டவர் இந்த ஜில்லாவில் பாண்டியராஜ் ஒருவராகத்தான் இருக்கும். அவர் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இசக்கிசெல்வி அழவில்லை. அந்தக் காபியைச் சூடு பண்ணி மறுபடி கொண்டுவந்து வைத்தாள்.

“உங்களுக்குப் பிடிச்சது எம் மூஞ்சி இல்ல, உங்க பென்சிலு. இனிமே என்னைய படம் எடுக்கணும்னா அதைத் தூரப் போட்டுட்டு வாங்க, வந்து உக்காருதேன்” என்றாள்.

அவள் நல்லவள், குடும்பம் நன்றாகத்தான் நடந்தது. சண்டை வந்தால் இருவரும் சரிக்குச் சரி சண்டை போட்டார்கள், தியேட்டருக்குப் போனார்கள், கோமதி என்று ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தார்கள். ஆனால் பாண்டியராஜால் பென்சிலைத் தூரப் போட முடியவில்லை, இசக்கிசெல்வியும் கேமரா முன்னால் உட்காரவில்லை. குடும்பப் படம் எடுத்தால் குழந்தையின் தலையைச் சரியாகத் தன் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கோமதி வளர்ந்த பிறகு முந்தானை வந்தது. ஊரில் பாதிப் பேர் முகத்தைச் சுவரில் தொங்கவிட்ட மனிதர் வீட்டில் பெண்டாட்டியின் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பத்தில் பவுடரோடு இருப்பவளை அவள் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. “அவ யாரோ” என்பாள்.

கொரோனா ஓய்ந்த வருஷம் பாண்டியராஜ் நெகட்டிவ் ஸ்கேனர் ஒன்று வாங்கினார். வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் ஜனங்கள் பரணைச் சுத்தம் செய்து பழைய நெகட்டிவ்களை எடுத்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படமாக்கிக் கொடுக்கும் தொழில் நன்றாகவே ஓடியது. ஆனால் வாங்கிய அன்றே அவருடைய பழைய பகையாளி புது வேஷத்தில் வந்து நின்றான். அதற்குப் பெயர் கிரெயின்.

ஃபிலிம் படம் என்பதே பொடிப்பொடி மணிகளால் ஆனதுதான். டார்க் ரூமில் பேப்பரில் பிரிண்ட் போட்டபோது அந்த மணிகள் இருக்கும் இடம் தெரியாமல் கிடந்தன. ஸ்கேனரில் ஏற்றியதும் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. முகமெல்லாம் ரவை. பாண்டியராஜுக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. இதில் பாதிக் குற்றம் அவருடையது. ஸ்கேனரில் படத்தைக் கூர்மையாக்க, தள்ளிக் கூட்டிக் குறைக்கும் ஷார்ப்னெஸ் என்று ஒரு கோடு உண்டு. அதை அவர் முதல் நாளே கடைசி வரை தள்ளிவிட்டார். காசு கொடுத்து வாங்கிய மெஷினைப் பாதி வேகத்தில் ஓட்டுவானேன் என்பது அவருடைய நியாயம். அந்த ஷார்ப்னெஸ் ஒவ்வொரு மணியையும் தேடிப் பிடித்து ஓரம் கட்டிக் கறுப்பாக்கிவிடும். அப்புறம் அதை ஒழிக்க ஸ்மூத் என்ற இன்னொரு கோட்டையும் கடைசி வரை தள்ளுவார். தானே கல்லைப் போட்டுத் தானே பொறுக்குகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கடையநல்லூர் நியாஸ் அகமது தன் வாப்பாவின் நெகட்டிவைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்க வந்தான். சவுதியிலிருந்து லீவில் வந்தவன். வாப்பா மவுத்தாகி, அடக்கம் செய்து சில வருஷம் ஆகிறது. பாண்டியராஜ் இரண்டு படங்களை மேசையில் வைத்தார். ஒன்று சரி செய்வதற்கு முன்னால், இன்னொன்று பின்னால். தன் வேலையைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியாது. முதல் படத்தில் முகத்தில் மணலை வாரி இறைத்ததுபோல் இருந்தது. இரண்டாவதில் உரித்த முட்டை போல ஒரு பெரியவர் சிரித்தார். அவருக்குத் தாடி இருந்த இடத்தில் கொஞ்சம் வெண்ணெய் இருந்தது.

நியாஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணாச்சி, இதுல மணலும் இருக்கு, வாப்பாவும் இருக்காவ. அதுல மணலும் இல்ல, வாப்பாவும் இல்ல. தாடிய எங்க கொண்டு வச்சீய?”

“கிரெயின எடுக்கும்போது கொஞ்சம் போயிருக்கும் தம்பி. முகம் பளிச்சுன்னு இருக்குலா?”

“பளிச்சுன்னு இருக்கு. ஆனா இவரு யாருன்னு எங்க உம்மா கேட்டா நான் என்ன சொல்ல?” நியாஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு ஃபோனில் எதையோ தேடிப் படித்தான். “அந்த ஷார்ப்னெஸ்தான் கிரெயின இப்படி ஊதிக் காட்டுதாம் அண்ணாச்சி. அதை அணைச்சிட்டு ஒருக்கா போடுங்க. நான் இங்கனதான் இருக்கேன், வாப்பாவ வாங்கிட்டுத்தான் போவேன்.”

பாண்டியராஜ் அவனைத் துரத்தத்தான் இந்த வேலையைச் செய்தார். ஷார்ப்னெஸ் கோட்டை எதிர்க் கடைசிக்குத் தள்ளி ஸ்கேன் போட்டார். மணி இருந்தது. ஆனால் பழைய பிரிண்டில் கிடந்ததைப் போல அடங்கிக் கிடந்தது. வாப்பாவின் தாடி மயிர் மயிராக இருந்தது. நியாஸ் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு கர்ச்சீப்பை எடுத்தான். இப்படி ஒரு ரவை மூஞ்சியைப் பார்த்து ஒருவன் அழுவது பாண்டியராஜுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் போன பிறகு கோட்டைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. மண்டப வாசலில் பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் நாலு பேரின் வாலிப வயதுப் படத்தையும் இரண்டாள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து நிறுத்துகிறார்கள். கோமதிக்கும் அது வேண்டுமாம்.

“அம்மா ஃபோட்டோ ஒண்ணு எடுத்துக் குடுங்கப்பா, கல்யாணத்துக்கு முன்னால உள்ளது” என்றாள்.

இசக்கிசெல்வி எழுந்து பீரோவைத் திறந்தாள். பட்டுச் சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு வெண்ணெய்த்தாள் உறையை எடுத்து பாண்டியராஜின் முன்னால் வைத்தாள். அவருக்கு உறையைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. கல்யாணமான மறுநாளே பிச்சம்மாளிடம் கேட்டு வாங்கி இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

“இதுக்குள்ள நான் இருக்கேன். உங்க பென்சிலுக்கு அடியில. எடுத்துக் குடுங்க. எம் மவளுக்கு அவ அம்மா மூஞ்சி தெரியணும். போர்டுல நான் இருந்தா வாசல்ல பன்னீர்ச் செம்போட நிப்பேன். வேற எவளாச்சும் இருந்தா அவளையே தெளிக்கச் சொல்லிருங்க.”

பாண்டியராஜுக்கு அவளைத் தெரியும். சொன்னால் செய்வாள். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது பெண்ணைப் பெற்றவள் வாசலில் இல்லை என்றால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். அதைவிட, தன் மகள் கல்யாணத்தில் செல்வி உள்ளே எங்கோ மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை.

வீட்டின் முன்பக்கம்தான் ஸ்டுடியோ. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு நெகட்டிவை ஏற்றினார். பழக்க தோஷம், ஷார்ப்னெஸ் கடைசியில் கிடந்தது. ஸ்கிரீனில் வந்ததைப் பார்த்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முகமெல்லாம் ரவை, கன்னமெல்லாம் வெள்ளைக் கீறல். பூனை பிறாண்டியது மாதிரி இருந்தது. கை தன்னால் ஸ்மூத்துக்குப் போனது. முட்டை வந்தது. இசக்கிசெல்வி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

“யாரு இது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நியாஸ் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஷார்ப்னெஸை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மணிகள் அடங்கின. கண் வந்தது, மூக்கு வந்தது, சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் அந்த உதடு வந்தது. ஆனால் கன்னத்துக் கீறல்கள் போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தார். கமா போல வளைந்து வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல், வரிசை பிசகாமல். அது கிரெயின் இல்லை. அவருடைய பென்சில்.

அழிப்பது பெரிய வேலை இல்லை. பஞ்சில் டர்பன்டைனை நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். பஞ்சை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு பாண்டியராஜ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவர் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த வேலை. அதைத் துடைத்தால் தான் கெட்டிக்காரன் என்பதற்கு என்ன சாட்சி என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததற்காக அவருக்கே வெட்கமாகிவிட்டது. துடைத்தார். பஞ்சு கறுத்தது.

“செல்வி, இங்கன வா” என்று கூப்பிட்டார்.

ஸ்கிரீனில் வாசுதேவநல்லூர்ப் பெண் ஒருத்தி கன்னத்திலும் நெற்றியிலும் அம்மை வடுக்களோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்கிரீனைத் தொடுவதற்கு விரலைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினாள்.

“இந்தா, இது நான் சொறிஞ்சது. வேப்பங்குழையாலயே அடிச்சா எங்க அம்மா.”

“இது?”

“அதுவும் நான்தான்.”

“இது தழும்பா, கிரெயினா?”

“அது உங்க கிரெயினு. அத வேணா எடுத்துக்கிடுங்க.”

அவள் காட்டிக் காட்டிச் சொல்ல, அவர் கேட்டுக் கேட்டுச் செய்தார். மூக்கோரத்தில் ஒரு புள்ளிக்கு மட்டும் இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பாண்டியராஜ் ஒரு புள்ளியை வேண்டுமென்றே விட்டுவைத்தது அதுதான் முதல் தடவை.

படம் ராஜதுரையின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனது. ராஜதுரை முழுமதி ஸ்டுடியோவில் வேலை பழகியவன், குருபக்தி உள்ளவன். கல்யாணத்தன்று காலையில் போர்டை அவனே கொண்டுவந்து மண்டப வாசலில் நிறுத்தினான். துணியை விலக்கிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றான்.

போர்டில் முட்டை இருந்தது.

“அண்ணாச்சி, அம்மா ஃபோட்டோல கிரெயினு தூக்கலா வந்திருந்துச்சு. உங்களுக்கு வேலை அதிகம், கவனிக்காம விட்டிருப்பீய. முழுமதி ஸ்டுடியோ பேரு கெட்டுறக் கூடாதுன்னு நானே ஒவ்வொண்ணா எடுத்து நைஸ் பண்ணிட்டேன். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்” என்றான்.

அவனை என்னவென்று திட்டுவது? அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பன்னீர்ச் செம்போடு வந்த இசக்கிசெல்வி போர்டைப் பார்த்தாள். புருஷனையும் பார்த்தாள். செம்பை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டு வேன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது என்று யாரோ ஃபோனில் சொன்னார்கள்.

இன்னொரு போர்டு அடிக்க நேரமில்லை. பாண்டியராஜ் மணப்பெண் அறைக்குள் போனார். கோமதிக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண்ணின் பெட்டியில் கைவிட்டுத் துழாவினார்.

“என்ன அங்கிள் வேணும்?”

“பென்சில்.”

அவள் புருவத்துக்குத் தீட்டும் கறுப்புப் பென்சிலைக் கொடுத்தாள். சீரியல் பல்பு கட்ட வந்தவர்களின் ஏணி வாசலில் கிடந்தது. அதைப் போர்டில் சாத்தி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாண்டியராஜ் மேலே ஏறினார். வந்திருந்த சொந்தபந்தமெல்லாம் அண்ணாந்து பார்த்தது. அவர் இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதன் பக்கத்தில் சற்றுக் கீழே, நீளவாக்கில் இன்னொன்று. படத்தைப் பார்த்து வைக்கவில்லை, ஃபோனை எடுக்கவில்லை. நெற்றிக்குப் போனார், தாடைக்கு வந்தார். கை நிற்கவே இல்லை. அந்த முகத்தில் எது எங்கே இருக்கிறது என்பது தனக்கு இவ்வளவு தெரியும் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஏணியின் மேல் அவருக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு புள்ளி வைத்தார்.

ராஜதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. “அண்ணாச்சி, என்ன செய்தீய? நான் எடுத்த கிரெயின எல்லாம் திருப்பி வைக்குதீயளே!”

“அது கிரெயினு இல்லவே. எம் பொண்டாட்டி” என்றார் பாண்டியராஜ், திரும்பிப் பார்க்காமல்.

கீழே கூட்டம் விலகியது. இசக்கிசெல்வி ஏணிக்கு அடியில் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். கன்னம், தாடை, நெற்றி என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். அவர் மூக்கோரத்தில் அந்த ஒன்றை வைப்பதா வேண்டாமா என்று பென்சிலோடு யோசித்துக்கொண்டிருந்தார்.

“அதையும் வைங்க. வச்சிட்டு இறங்குங்க, வேன் வருது.”

அவர் அதையும் வைத்தார். அவர் இறங்கும் வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இசக்கிசெல்வி பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போர்டின் பக்கத்தில் போய் நின்றாள். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பாண்டியராஜும் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“உங்க கன்னத்துல மை” என்றாள் அவள். “இருக்கட்டும், துடைக்காதீய.”